பிரதிகள் நடத்தும் வாக்கெடுப்பு

அச்சு இதழுக்குச் சந்தா கட்டிய நூலகத்தில் இதழ் அலமாரியிலேயே இருக்கும். மின்னிதழுக்குச் சந்தா கட்டினால் படிக்கும் அனுமதிதான் கிடைக்கிறது; கோப்பு பதிப்பாளரின் கணினியில். பதிப்பாளர் இதழை நிறுத்திவிட்டால் பழைய கட்டுரைகளின் கதி என்ன? இந்தக் கவலையில் பிறந்ததுதான் 'லாக்ஸ்'. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகத்தில் விக்கி ரீச்சும் டேவிட் ரோசெந்தாலும் 1999இல் தொடங்கிய திட்டம் இது.

பல நூலகங்கள் ஆளுக்கொரு சாதாரணக் கணினியை ஒதுக்கி, பதிப்பாளரின் இசைவோடு இதழ்களைச் சேமிக்கின்றன. ஆனால் பிரதி எடுப்பதோடு வேலை முடியாது. வட்டில் கிடக்கும் கோப்பும் ஓசையின்றிப் பழுதாகும். திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் இந்தக் கணினிகள் அவ்வப்போது தமக்குள் வாக்கெடுப்பு நடத்துகின்றன. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் செலுத்தினால் 'ஹேஷ்' என்ற சிறிய எண் கிடைக்கும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். பலருடைய எண் ஒத்துப்போய் ஒருவருடையது மட்டும் வேறுபட்டால், பழுது அவரிடம் இருக்கிறது. அவர் பதிப்பாளரிடமிருந்தோ மற்றொரு நூலகத்திடமிருந்தோ நல்ல பிரதியைப் பெற்றுச் சரிசெய்துகொள்வார்.

இதில் நான் மிகவும் வியக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. வாக்குக் கேட்கும் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். அதையும் கோப்போடு சேர்த்தே கணக்கிட வேண்டும். போன முறை சொன்ன விடையைக் குறித்து வைத்துக்கொண்டு பயனில்லை. கோப்பு கையில் இருப்பவரே சரியான விடை சொல்ல முடியும். வேண்டுமென்றே இதை மெதுவாகவும் நடத்துகிறார்கள்: திருத்திக் கெடுக்க நினைப்பவர் அவசரமாகப் பெரும்பான்மையைப் பிடித்துவிடக் கூடாது அல்லவா?

ஒரே நிறுவனம் பத்துப் பிரதி வைத்திருந்தாலும் பணம் வற்றினால் பத்தும் ஒன்றாகப் போகும். வெவ்வேறு ஊர், வெவ்வேறு நிர்வாகம், வெவ்வேறு வரவுசெலவு என்று பிரிந்திருப்பதே உண்மையான காப்பு. லாக்ஸ் முறையைக் கொண்டே 2004இல் அமெரிக்கத் தென்கிழக்கின் ஆறு பல்கலைக்கழக நூலகங்கள் 'மெட்டா ஆர்க்கைவ்' கூட்டுறவை அமைத்து, தம் வட்டாரப் பண்பாட்டு ஆவணங்களை ஒன்றுக்கொன்று காக்கத் தொடங்கின. அதே முறையில் நூலகங்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து நடத்தும் 'கிளாக்ஸ்', உலகின் 12 இடங்களில் பிரதி வைத்திருக்கிறது. அதிலுள்ள இதழ் வேறெங்கும் கிடைக்காமல் போனால்தான் கதவு திறக்கும். திறந்தால் எல்லோருக்கும் இலவசம். உறுப்பு மாற்று மருத்துவத்துக்காக சேஜ் நிறுவனம் நடத்தி நிறுத்திய 'கிராஃப்ட்' என்ற இதழ்தான் 2008இல் முதன்முதலாக அப்படி வெளிவந்தது.