நீண்ட கை இயந்திரத்திற்குப் போகும் ஒன்பது கைலிகள்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பலர், கடைசிக் கட்டத்தை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். ‘கில்ட்’ எனப்படும் இந்தப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. துண்டு துண்டாக இணைத்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து மேலே கோலம் போட்டதுபோல் தைக்க வேண்டும். வீட்டுத் தையல் இயந்திரத்தில் அவ்வளவு பெரிய துணியைச் சுருட்டி நுழைப்பது பெரும்பாடு. அதனால்தான் ‘லாங்ஆர்ம்’ என்னும் நீண்ட கை இயந்திரம் வைத்திருப்பவர்களைத் தேடிப் போகிறோம். அதில் துணி சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இயந்திரத்தின் தலைதான் துணிமேல் ஓடும்.

என் போர்வை பாட்டியின் பாத்திக் கைலிகளால் ஆனது. அவர் மறைந்தபோது அலமாரியில் ஒன்பது கைலிகள் இருந்தன. தவறாக வெட்டினால் கடைக்குப் போய் இன்னொரு மீட்டர் வாங்கி வர முடியாது. ஆகவே, போர்வைக்குக் கரை வைப்பதற்கு முன்பே, தைத்துத் தரும் அக்காவைப் பார்த்துப் பேசிவிட்டேன்.

“ஓரம் அலை அலையா இருக்கிறதைக் கொண்டாந்து, மிஷின்ல அடிச்சா சரியாயிடுமான்னு கேப்பாங்க. ஆகாதும்மா. மடிப்பு விழுந்து, அதுமேலேயே தையல் ஓடிடும்,” என்றார் அவர்.

அந்த அலை எங்கிருந்து வருகிறது? நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டும் பழக்கத்திலிருந்துதான். கையாளக் கையாள ஓரம் இழுபட்டிருக்கும். பட்டையும் அந்த நீளத்துக்கே போய்விடும். போர்வையின் நடுவே அளந்து, அந்த அளவுக்குப் பட்டையை வெட்டிய பிறகே பொருத்த வேண்டும். சதுரங்களுக்கும் இதே கண்டிப்பு தேவை. என் போர்வையில் ஒரு வரிசைக்குப் பத்துச் சதுரங்கள், அதாவது ஒன்பது மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் 1/16 அங்குலம் கூடினால், வரிசை முடிவில் அரை அங்குலத்துக்கு மேல் எகிறிவிடும்.

வெட்டுவதற்கு முன்பே கைலிகளைத் துவைத்துவிட்டேன். ஈர மூலையில் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தியபோது ஒரு சிவப்புக் கைலி மட்டும் சாயம் விட்டது. கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பும்வரை அதை அலசினேன். தைத்து முடித்த போர்வையில் சாயம் பரவினால் யாராலும் மீட்க முடியாது.

அம்மாவுக்குப் பிடித்த நீலக் கைலிதான் மிகவும் நைந்திருந்தது. நிமிடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை இறங்கும் ஊசியை அது தாங்குமா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூல் நெருக்கமாக இருந்த இடங்களில் மட்டும் வெட்டினேன். நான்கு சதுரங்களே தேறின. அவற்றின் பின்னால், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உட்துணியை வைத்தேன். போர்வை அந்த இடத்தில் சற்று விறைப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அடித்துணிக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. மேல்துணி கரையோடு 60க்கு 72 அங்குலம். உருளைகளில் கட்டவும் பக்கங்களில் பிடிப்பான் போடவும் அடித்துணி எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக, அதாவது 68க்கு 80ஆக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 44 அங்குல அகலம். அதனால் இரண்டு துண்டுகளை மூட்ட வேண்டும். மூட்டு நெடுக்காக வந்தால் 80 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் தேவை. குறுக்காக வந்தால் 68 அங்குலத்தில் இரண்டு போதும். அரை மீட்டருக்கு மேல் மிச்சம்! அதோடு, நெடுக்கு மூட்டு உருளையில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தடித்துவிடும். குறுக்கு மூட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரு துண்டுகளிலும் மூட்டு வரும் பக்கத்தில் அழுத்தமாக நெய்த விளிம்பை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தைத்தேன். அது அப்படியே இருந்தால் துணி சுருங்கும்.

கடைசியில் இஸ்திரியும் நூல் பொறுக்குதலும். ஒரு முழு மாலை போயிற்று. வெளிர் துணிக்கு அடியில் கிடக்கும் கறுப்பு நூல், தைத்த பிறகு மேலே நிழலாகத் தெரியும். அதை வெளியே எடுக்க அப்போது வழியிருக்காது.

மூன்று அடுக்குகளையும் நானே ஊசி குத்திச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் நண்பர்கள் பலர் நினைத்தார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் தனி உருளையில் ஏறுவதால், தனித்தனியாகக் கொடுப்பதே சரி. மேல்பக்கம் எது என்று தெரிய ஒரேயொரு பின்னூசி போதும். கட்டணம் சதுர அங்குலக் கணக்கு, எனக்கு 4,320.

போர்வை திரும்பி வந்ததும் விளிம்பை நானே கட்டப்போகிறேன். சுற்றளவு 264 அங்குலம். மூலை மடிப்புக்கும் சேர்த்து, மிஞ்சிய கைலிகளிலிருந்து இரண்டரை அங்குலப் பட்டைகள் வெட்டித் தயாராக இருக்கின்றன.