கேரியரில் நிற்கும் ஆன்டெனா

கார், ஜீப், வேன் கூரைகளில் சாமான் ஏற்றுவதற்காகப் பொருத்தப்படும் கேரியர், ரேடியோ ஆன்டெனாவுக்கும் ஏற்ற இடம். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களும், மலைப்பாதைகளில் கூட்டமாகப் போகும் ஜீப்காரர்களும், பேரிடர் மீட்பில் இறங்குவோரும் அங்கே ஆன்டெனாவை நிறுத்த விரும்புகிறார்கள். வண்டியில் அதைவிட உயரமான இடம் கிடையாது. கூரைத் தகட்டில் ஓட்டை போடவும் வேண்டியதில்லை. ஆனால் கிளாம்ப் மாட்டி, போல்ட்டை முறுக்கி, கேபிளை ரேடியோவில் செருகியதோடு வேலை முடிந்துவிடாது. அதோடு நிறுத்திவிட்டு, பேச்சு தூரம் போகவில்லையே என்று ரேடியோவைக் குறை சொல்பவர்கள் பலர். குறை பெரும்பாலும் கேரியரின் காலடியில் இருக்கிறது.

வண்டிகளில் நிமிர்ந்து நிற்கும் கம்பி முழு ஆன்டெனா அல்ல, பாதிதான். அதன் உயரம் ரேடியோ அலை நீளத்தில் கால் பங்கு. மற்றொரு கால் பங்கை வண்டியின் உலோகக் கூரை ஈடுசெய்கிறது. குளத்து நீரில் பனைமரம் தலைகீழாகத் தெரிவதுபோல, தகட்டுக்குள் கம்பியின் பிம்பம் விழுவதாக எண்ணிக்கொள்ளலாம். கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஏறுகிறதோ, அவ்வளவும் தகட்டில் பரவியாக வேண்டும். பரவத் தகடு கிடைக்காவிட்டால், அந்த மின்னோட்டம் கேபிளின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் வந்துவிடும். பேசும்போது ஸ்டீரியோவில் இரைச்சல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கால் அலை நீளத்தை மீட்டரில் அறிய, 75-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் போதும். இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 144-146 மெகாஹெர்ட்ஸின் நடுப்புள்ளியான 145-க்கு 51.7 சென்டிமீட்டர் வரும். நடைமுறையில் கம்பி 50-ஐ ஒட்டி நிற்கும். 435 மெகாஹெர்ட்ஸுக்கு 17 சென்டிமீட்டர்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்கோ 10 மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு நீளக் கம்பியோடு எந்த வண்டியும் ஓட முடியாது. அதனால் சுருள் சேர்த்து, கம்பியை இரண்டு, இரண்டரை மீட்டருக்குக் குறுக்குகிறார்கள். இப்படிக் குறுக்கிய ஆன்டெனாவில் சக்தியின் பெரும்பங்கு வெப்பமாகவே வீணாகும் என்பதால், பாடியோடு உள்ள இணைப்பு சற்றே பிசகினாலும் பேச்சு அடிபட்டுப் போகும்.

கேரியரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதன் குறுக்குக் கம்பிகள் அலுமினியத்தாலோ இரும்பாலோ ஆனவை. மேலே மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கும். கூரையில் கீறல் விழாதபடி கால்களுக்கடியில் ரப்பர் வைத்திருப்பார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே உலோகம். மின்சாரத்துக்கோ கேரியர் ஒரு தனித் தீவு. மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆன்டெனா கிளாம்பிலும் மறுமுனையைக் கதவுக் கீல் போல்ட்டிலும் வைத்துப் பார்த்தால் உண்மை உடனே தெரிந்துவிடும். முள் அசையாவிட்டால் ஆன்டெனாவுக்குக் கூரை இல்லை என்று அர்த்தம்.

கிளாம்பை வண்டியின் பாடியோடு இணைக்க, ஈயம் பூசிய, பின்னல் போன்ற தட்டையான செம்புப் பட்டை சிறந்தது. உயர் அலைவரிசை மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடுவதால், உருண்டையான தடித்த வயரைவிட அகலமான பட்டை நன்றாக வேலை செய்யும். கிளாம்ப் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் பூச்சைத் தேய்த்து, உலோகம் பளபளவென்று தெரிந்த பிறகே பட்டையை வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்க வேண்டும். மேலே சிறிது கிரீஸ் தடவ வேண்டும். அலுமினியத்தில் வெறும் செம்பை வைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகத் தொடங்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக் காற்று வீசும் ஊர்களில் அந்த வெள்ளைப் பொடி சீக்கிரமே வந்துவிடும்.

பட்டையின் நீளத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அரை மீட்டர் பட்டை என்பதே கால் அலை நீளம். மல்டிமீட்டரில் இணைப்பு இருப்பதாகக் காட்டும். ரேடியோ அலைக்கு அது கிட்டத்தட்ட அறுந்த வயருக்குச் சமம். எனவே பட்டை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு சாண் நீளத்துக்குள் முடித்துவிட வேண்டும். கேரியரின் அமைப்பு அதற்கு இடம் தராவிட்டால், கூரையின் துணை அதிகம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவை வாங்குவதே புத்திசாலித்தனம். 145-க்கு அது ஒரு மீட்டர் உயரம் இருக்கும்.

எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கும் இதே கணக்குதான். கூரையின் நட்ட நடுவில் நின்றால் சிக்னல் நாலாபுறமும் ஏறக்குறைய சமமாகப் போகும். ஓரத்தில் நின்றால், உலோகம் அதிகம் பரந்திருக்கும் பக்கம் சாயும்: இடது பின்மூலையில் நிற்கும் ஆன்டெனா, வலது முன்பக்கம் ஓங்கிப் பேசும். கேரியரில் சாமானும் ஏறும் என்பதால் ஓரத்தைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இரும்புப் பெட்டியையோ காஸ் அடுப்பையோ கம்பியை ஒட்டி அடுக்கக் கூடாது.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளாம்ப் தாங்கும் விசை 100-ல் நான்கு மடங்காகிவிடும். அரை மீட்டர்க் கம்பிக்கு இது பொருட்டில்லை. அடியில் கனமான சுருள் உள்ள நீண்ட ஆன்டெனாவுக்கு மெல்லிய தகட்டுக் கிளாம்ப் போதாது. அடியில் மடக்கும் கீல் இருப்பதும் நல்லது. இது புதிய யோசனை அல்ல. 1901-ல் மார்க்கோனி ஒரு தார்னிகிராஃப்ட் நீராவி வண்டியில் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்தபோது, அதன் கூரையில் உருளை வடிவிலான பெரிய ஆன்டெனா இருந்தது. வண்டி நகரும்போது அதைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

கேபிள் 50 ஓம் கோஆக்ஸியல் வகையாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் நீளம் கூடாது. சாதாரண ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர் ஓடினால் 145 மெகாஹெர்ட்ஸில் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கும், 435-ல் மூன்றில் ஒரு பங்கும் அதிலேயே தீர்ந்துவிடும். டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் வழியாக உள்ளே கொண்டுவருவது வழக்கம். நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், மழைநீர் உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில், அது விரியும் பாதையில் கேபிள் குறுக்கிடவே கூடாது.

எல்லாம் முடிந்தபின் எஸ்டபிள்யூஆர் மீட்டரால் சோதிக்க வேண்டும். ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, கவலை வேண்டாம். 3 என்றால் 25 சதவீதம், அந்த நிலையில் ரேடியோவை இயக்கக் கூடாது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, கம்பியருகே யாரும் நிற்காதபோது அளக்க வேண்டும். 144-ல் அளவு குறைவாகவும் 146-ல் அதிகமாகவும் இருந்தால் கம்பியின் நீளம் கூடுதல் என்று பொருள். 145-ஐ ஒட்டி, அளவு மிகக் குறையும் புள்ளியை ஒரு மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்த்த மூன்றரை மில்லிமீட்டர் வெட்டினால் போதும். வெட்டியதை ஒட்ட முடியாது. ஒவ்வொரு மில்லிமீட்டராகவே குறைக்க வேண்டும்.

வண்டியின் உயரம் கூடிவிட்டதை ஓட்டுபவர் மறந்துவிடக் கூடாது. கிளைகளும் பார்க்கிங் வாயில்களும் கம்பியை வளைக்கும். மின்கம்பி உயிரையே எடுக்கும். மின்மயமான ரயில் பாதைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. நீண்ட ஆன்டெனாவை மடக்காமல் லெவல் கிராசிங்கைக் கடக்காதீர்கள்.