கையின் அளவை அறிவோம்



குளிர்நாட்டில் வாழும் பேரப்பிள்ளைக்கெனப் பாட்டி ஒருவர் சுவெற்றர் பின்னி அனுப்புகிறார் என எண்ணிப் பாருங்கள். பல வார உழைப்பு; விலையுயர்ந்த கம்பளி நூல். ஆனால் பிள்ளைக்கு அணிவிக்கும்போது அது மார்பை இறுக்குகிறது. அன்பில் குறையில்லை, அளவில்தான் குறை.

இத்தவறு எவ்வாறு நேர்கிறது? ஊசியில் ஏற்றும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. 4 மில்லிமீற்றர் ஊசியால் பின்னும்போது 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 22 கண்ணிகள் அமைய வேண்டும் என ஒரு பின்னல் குறிப்பு கூறுவதாகக் கொள்வோம். அதன்படி 60 சென்ரிமீற்றர் சுற்றளவுக்கு 132 கண்ணிகள் தேவை. ஆனால் அந்த 22 என்பது குறிப்பை எழுதியவரின் கையளவு. இறுக்கமாகப் பின்னுபவருக்கு அதே அகலத்தில் 24 கண்ணிகள் அடங்கினால், ஆடை 55 சென்ரிமீற்றராகக் குறுகிவிடும். தளர்வாகப் பின்னுபவருக்கு 20 கண்ணிகளே அமைந்தால், அது 66 சென்ரிமீற்றராக விரிந்துவிடும். இரண்டே கண்ணிகளின் வேறுபாடு உழைப்பு முழுவதையும் வீணாக்கிவிடுகிறது.

இதற்குரிய பரிகாரம் எளியது. அதே நூலாலும் அதே ஊசியாலும் 15 சென்ரிமீற்றர் சதுரமான மாதிரித் துண்டொன்றை முதலில் பின்னுங்கள். ஆடையை எவ்வாறு கழுவுவீர்களோ அவ்வாறே அதையும் கழுவி, விரித்து உலர்த்துங்கள். கழுவியபின் அளவு மாறும் நூல்களும் உண்டு. ஓரங்கள் கோணலாகும் என்பதால், நடுப்பகுதியில் 10 சென்ரிமீற்றரை அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். கண்ணிகள் மிகுந்திருந்தால் தடித்த ஊசியும், குறைந்திருந்தால் மெல்லிய ஊசியும் கொண்டு மீண்டும் பின்னிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னற்கலை ஆசிரியை எலிசபெத் சிம்மர்மன் (1910-1999), பின்னுபவரின் சொந்தக் கையளவிலிருந்தே ஆடை முழுவதற்குமான கண்ணிகளைக் கணக்கிடும் முறையைக் கற்பித்தார். பிறரது கையளவை நம்பிப் பின்னுவதைவிடத் தன் கையை அறிந்து பின்னுவதே மேல் என்பதை அம்முறை உணர்த்துகிறது.

மாதிரித் துண்டுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதை மிச்சப்படுத்த எண்ணிப் பல வாரங்களை இழப்பது விவேகமன்று. கோபுரம் கட்டுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்ததும் (லூக் 14:28) இத்தகைய முன்மதியையே. நாம் அன்பு செய்பவர்களுக்காக உழைக்கும்போது அளந்து பார்ப்பதும் அந்த அன்பின் ஒரு பகுதியே. ஆகவே, முதல் வரிசையைத் தொடங்குமுன் நம் கையின் அளவை அறிந்துகொள்வோம்.