போர் முடிந்தது, அவன் வீடு திரும்பினானா?

ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. அதன் முழக்கம் பழவேற்காட்டு ஏரியைத் தாண்டிக் குப்பங்களிலே கேட்கிறது. சிறுவர்கள் கைகொட்டி ஆரவாரிக்கின்றனர். அந்தக் குப்பத்திலே, பட்டாளத்துக்குப் போய்ப் போர்க்களம் கண்டு திரும்பியவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். அவன் என்ன செய்வான்? கையிலிருந்த வலையை நழுவவிட்டுப் படகின் மறைவிலே பதுங்குவான். உடல் நடுங்கும், வியர்வை கொட்டும். கண்டவர் நகைப்பர்: "துப்பாக்கி பிடித்தவனாம், சத்தத்துக்குப் பயப்படுகிறான்!"

அந்த நகைப்பைத்தான் நாம் கண்டிக்கிறோம். குண்டடி பட்டுக் கால் இழந்தவனைப் பார்த்து யாரும் நகைப்பதில்லையே! நெஞ்சிலே அடிபட்டவனை மட்டும் கோழை என்பது எந்த ஊர் நியாயம்?

இந்த அநியாயம் நம்மூரிலே மட்டும் நடந்ததல்ல, தோழர்களே! முதல் உலகப் போரிலே இப்படி நடுங்கியவர்களின் நோய்க்கு, சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-ல் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரை ஏட்டிலே ஏற்றினார். குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே செல்லாதவர்களையும் அது பிடித்தது. பிடித்தது குண்டின் அதிர்ச்சியல்ல, போரின் அதிர்ச்சி! ஆனால், பிரிட்டிஷ் பட்டாளம் என்ன செய்தது? போர்க்களத்தை விட்டு ஓடினான், கோழைத்தனம் காட்டினான் என்றெல்லாம் குற்றம் சாட்டித் தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது எப்போது தெரியுமா? 2006-ல்! செத்தவனுக்கு மன்னிப்பு, அதுவும் தொண்ணூறு ஆண்டு கழித்து!

அந்த இருட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, அவர்களைப் பற்றி 1906-ல் நூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்ற அறிஞர், பின்னர் ஸ்காட்லாந்திலே மனம் உடைந்த அதிகாரிகளுக்கு மருத்துவம் பார்த்தார். மின்சாரம் பாய்ச்சி நோயாளியைப் பேசவைத்த மருத்துவர்கள் இருந்த காலம் அது. அவரோ அருகிலே அமர்ந்து கேட்டார். நினைவைப் புதைக்காதே, மெல்ல மெல்ல எடுத்துப் பார் என்றார். பலர் தேறினர். தேறியவர்களில் பலரை அரசு எங்கே அனுப்பியது? வீட்டுக்கா? மீண்டும் போர்முனைக்கு! உடைந்த துப்பாக்கியைச் செப்பனிடுவதுபோல மனிதனைச் செப்பனிட்டது.

அங்கே அதிகாரிக்காவது மருத்துவர் கிடைத்தார். வெள்ளையனின் போருக்காகக் கடல் கடந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களிலே, நெஞ்சு உடைந்து ஊர் திரும்பிய ஏழைச் சிப்பாயின் அருகிலே அமர்ந்து கேட்டவர் யார்?

வியட்நாம் போருக்குப் பின், 1980-லேதான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் பட்டியலிலே சேர்த்தது. தமிழிலே இதற்கு 'மனவடு' என்று பெயர். வடு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். காயம் ஆறலாம், தழும்பு இருக்கும். யாழ்ப்பாணத்திலே போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கண்ட உண்மை ஒன்றுண்டு: போர் தனி மனிதனை மட்டும் தாக்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்குகிறது. ஆகவே, மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. ஊரும் உறவும் கூட வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தது அதனால்தான்.

இப்போது மீண்டும் ஏரிக்கரைக்கு வருவோம். பழவேற்காட்டிலே 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களை வகுத்து, இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்து வலை போடுவர். 'தலைக்கட்டு' என்று ஊர்க் கணக்கிலே பெயர் ஏறியவனுக்கு முறை வந்தே தீரும். எல்லோருக்கும் அதிலே இடமில்லை என்ற குறை உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், உனக்கும் ஒரு முறை உண்டு என்று ஊர் சொல்வதிலே இருக்கும் பலம் பெரிது. திரும்பி வந்தவனுக்கு வேண்டியதும் அதுதான். இன்று அவனால் வலை இழுக்க முடியாதா? வலையைப் பழுது பார்க்கட்டும். கூட்டத்திலே உட்கார முடியாதா? ஓரமாய் இருக்கட்டும். அவன் இடம் மட்டும் காலியாகவே காத்திருக்கட்டும்.

வீட்டிலே? நள்ளிரவிலே அலறி எழுபவனை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, விடியும்வரை விழித்திருப்பவள் மனைவி. அவன் சினமும் அவள்மீதுதான் பாய்கிறது. அவளுக்குப் பதக்கம் இல்லை. "பேயடித்துவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துப் போகச் சொல்வோரும், "இரண்டு மடக்கு குடித்தால் தூக்கம் வரும்" என்று சாராயக் கடைக்கு வழி காட்டுவோரும் அவளுக்குப் பகைவரே. போர்க்கதை கேட்கிறோம் என்று அவனைக் கிளறுவதும் உதவியாகாது. அவனாகப் பேசும்போது கேட்பதே உதவி.

மருத்துவம் உண்டு, தோழர்களே! 1794-ல் தோன்றிய சென்னை மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்திலே இருக்கிறது. அரசின் 14416 என்ற தொலைபேசி எண், 2022 முதல் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. அரசு மருத்துவமனையிலே மனநல மருத்துவம் பெறுவது 2017-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை, பிச்சையல்ல! படகோட்டிப் பிழைப்பவன் ஒருநாள் கூலியை இழந்து பட்டணம் போகத் தேவையில்லாதபடி, அந்த மருத்துவம் கடலோரக் குப்பம்வரை வரவேண்டும் என்று கேட்பது நம் கடமை.

போருக்கு அனுப்பும்போது மேளம் கொட்டத் தெரிந்தவர்களுக்கு, திரும்பி வருபவனின் கையைப் பிடிக்கவும் தெரியவேண்டும். அடுத்த ராக்கெட் கிளம்பும்போது அவன் நடுங்கினால், நகைக்காதீர்கள். பக்கத்திலே போய் உட்காருங்கள். "ஒன்றுமில்லை அண்ணே, ராக்கெட்டுதான். நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

அவன் வீடு திரும்பும் நாள் அன்றுதான் தொடங்குகிறது!