டிக்கெட் கிழிக்காத நாடகத்தின் வரவு செலவு

வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1970களில் மேடையை விட்டு இறங்கியதை ஓர் அரசியல் துறவாகவே பலரும் எழுதுகிறார்கள். நக்சல்பாரிக் காலத்துக் கல்கத்தா, குமுறும் நடுத்தர வர்க்கம், தெருவுக்கு வந்த கலைஞர் என்று கதை தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் அவர் சிவில் இன்ஜினியர். லண்டனில் நகரமைப்பு படித்து, நைஜீரியா வரை போய் வேலை பார்த்தவர். மேடையை விட்டபின் அவர் கொண்டுவந்த ‘மூன்றாம் அரங்கு’ என்ற நாடக முறை முதலில் ஒரு செலவுக் கணக்கு. முழக்கம் பிறகு வந்தது. அப்படிப் பார்த்தால்தான் அதன் பலமும் ஓட்டையும் ஒருசேரப் புலப்படும்.

ஹால் வாடகை, விளக்கு, செட் இத்தனைக்கும் பணம் வேண்டும். பணத்துக்கு டிக்கெட் வேண்டும். டிக்கெட் வாங்க வசதியுள்ளவர் மட்டுமே பார்க்க வருவார். நாளடைவில் அவருக்குப் பிடித்ததே நாடகமாகும். 1967இல் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கிய சர்க்கார் இந்தச் சங்கிலியை அடியிலேயே அறுத்தார். நடிகரும் பார்வையாளரும் தவிர எதெல்லாம் இல்லாமல் நாடகம் நடக்குமோ அதையெல்லாம் கழித்தார். கல்கத்தாவின் கர்சன் பார்க்கில் திறந்த வெளியில் ஆடிவிட்டுத் துணியை விரித்தார்கள். விருப்பப்பட்டவர் காசு போட்டார்கள். இதெல்லாம் போலந்து நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியிடம் கற்றதுதானே என்று கேட்கலாம். அவர் பணியை 1969இல் சர்க்கார் நேரில் கண்டதும், அதில் ஈர்க்கப்பட்டதும் உண்மை. ஆனால் குரோட்டோவ்ஸ்கியின் ‘ஏழை அரங்கு’ அரசு மானியத்தில் இயங்கிய சோதனைக்கூடம். சில டஜன் பேர் பார்த்தால் போதும் என்று அது அமைந்தது. மானியமே இல்லாமல் கிராமத்துக்குப் போக விரும்பிய சர்க்காருக்குச் சிக்கனம் அழகியல் தேர்வு மட்டுமல்ல, பிழைக்கும் வழியும்கூட.

கழிக்கக் கழிக்க நாடகமே மெலிந்துவிட்டது, ‘ஏவம் இந்திரஜித்’ எழுதிய கை கடைசியில் கோஷங்களைத்தான் எழுதியது என்பது பழைய குறை. ஓரளவு நியாயம் உண்டு. பிற்கால நாடகங்கள் சிலவற்றைப் படிக்கையில் அலுப்புத் தட்டுகிறது. ஆனால் 1963இல் எழுதிய அந்த நாடகத்திலேயே அமல், விமல், கமல் மூவரும் பெயர் மட்டும் மாறிய ஒரே ஆள். தனித்த கதாபாத்திரம் என்ற நம்பிக்கை அவரிடம் அப்போதே தளர்ந்திருந்தது. 1974இன் ‘மிச்சில்’ நாடகத்தில் இருக்கைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஊர்வலம் போகும். ஆடுகளத்தைப் பார்வையாளருக்குள் கொண்டுபோய் வைத்த அந்த ஏற்பாட்டில் நகரமைப்பாளரின் கண் தெரிகிறது. இந்த நாடகத்தைப் புத்தகத்தில் படித்து எடைபோடுவது வரைபடத்தைப் பார்த்து வீட்டின் காற்றோட்டத்தைச் சொல்வது போன்றது.

இன்னொரு ஆட்சேபத்துக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. சர்க்கார் கழித்த செலவுகளில் நடிகரின் கூலியும் உண்டு. சதாப்தி நடிகர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் ஊதியமின்றி ஒத்திகைக்கு வந்தவர்கள். டிக்கெட் பணம் வேண்டாம் என்று சொல்லும் துணிவுக்குப் பின்னால் எங்கோ ஒரு மாதச் சம்பளம் இருந்தது. 1980இல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பயிற்சி முகாம் தமிழ் வீதி நாடகத்துக்குப் புது வேகம் தந்தது. ஞாநியின் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழு சர்க்காரின் நாடகங்களைத் தமிழில் ஆடியது. இங்கும் அலுவலகம் முடிந்த மாலைகளே அந்த முயற்சிகளைத் தாங்கின. மக்களிடம் போக வேண்டும் என்ற நோக்கத்தை இது பொய்யாக்காது. ஆனால் ஆடுபவர் யார் என்பதை இதுவே தீர்மானித்தது. சர்க்காரின் ‘போமா’ நாடகம் சுந்தரவனத்து விறகுவெட்டியைப் பற்றியது. அவரைப் போன்ற ஒருவர் அதைக் காசில்லாமல் பார்த்திருக்கலாம். அதில் நடிப்பதற்கு மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வர வேண்டும், அந்த நாட்களின் கூலிக்கு அவர் எங்கே போவார்?