கடைசி வரிசைக்கு இடம் வந்த கதை

மூன்று பிள்ளைகள், ஒரு நாய், பின்னால் கட்டி இழுக்க ஒரு படகு என்று குடும்பம் பெருத்துப்போன அமெரிக்கர்கள் தேடிப் போகிற வண்டிகளில் ஒன்று செவ்ரோலே சபர்பன். 1935இல் வந்த பெயர், இன்னும் விற்பனையில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். அதன் தம்பி டாஹோ சற்றே குட்டை, 5.35 மீட்டர். இரண்டும் டெக்சாஸில், ஆர்லிங்டன் ஆலையில் தயாராகின்றன.

இத்தனை பெரிய வண்டியில் கால் வைக்க இடமில்லை என்றால் நம்பமுடியாதுதான். ஆனால் 2020 வரை டாஹோவின் மூன்றாவது வரிசை அப்படித்தான் இருந்தது. வளர்ந்த ஆள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். குற்றவாளி பின் ஆக்சில். லாரியில் இருப்பது போலவே, இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முரட்டு இரும்புக் குழாய். நடுவில் புடைத்துக்கொண்டு டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மொத்த உருப்படியும் சேர்ந்து எழும்பும். அது இடிக்காமல் எழும்பி இறங்க மேலே இடம் விட்டாக வேண்டும். அதற்காக வண்டியின் தரையை உயர்த்தினார்கள். சீட்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த உயரம் போய்விட்டது.

2021 மாடலில் அந்த ஆக்சிலையே கழற்றி எறிந்தார்கள். டிஃபரன்ஷியலைச் சேஸிஸோடு பொருத்தி, அங்கிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகக் குட்டைத் தண்டு கொடுத்தார்கள். ஒரு சக்கரம் குதித்தால் மற்றது பேசாமல் ஓடும். தரை தாழ்ந்தது. கூடவே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தையும் கூட்டினார்கள். டாஹோவின் கடைசி வரிசையில் கால் நீட்ட 10 அங்குலம் கூடுதலாகக் கிடைத்தது. அதன் பின்னால் சாமான் வைக்கும் இடம் 15 கன அடியிலிருந்து 25ஐத் தாண்டியது.

இதில் செவ்ரோலே முந்திக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். போட்டி வண்டியான ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் 2003 மாடலிலேயே இதைச் செய்துவிட்டது. பழைய ஆக்சில் மலிவானது, பாரம் இழுக்கச் சளைக்காதது. அதை விட மனம் வராததில் வியப்பில்லை.

2025 மாடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் 17.7 அங்குலத் திரையிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட உருப்படியாகத் தெரிவது, டேஷ்போர்டில் பொத்தான்களாக இருந்த கியர் மறுபடியும் ஸ்டீயரிங் பக்கத்துக் கம்பியாக மாறியது. கண்ணால் பார்க்காமலே கை தேடிப் பிடித்துவிடும். 3 லிட்டர் டீசல் இன்ஜினின் குதிரைசக்தியும் 277லிருந்து 305 ஆகியிருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 6.2 லிட்டர் வி8 இன்ஜின் போட்ட 2021 முதல் 2024 வரையிலான மாடல்களை, கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் குறைபாட்டுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. பிக்கப் வண்டிகளையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம். சோதனையில் தேறியவற்றுக்கு இன்ஜின் மாற்றவில்லை. கொஞ்சம் கனமான ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள்.