மாத்திரை ஒத்துக்கலையோ என்று தோன்றினால்...

மனநல மாத்திரை ஆரம்பித்து இரண்டு, மூன்று நாள்தான் ஆகியிருக்கும். சாயங்காலம் விளையாடிக்கொண்டிருந்த பையனுக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கருவிழி மேலே செருகி, கீழே இறக்க முடியாமல் நிற்கும். தாடை இறுகும். நாக்கு தடித்ததுபோல் வெளியே தள்ளும், பேச்சு குழறும். ஆனால் நினைவு தப்பாது. அம்மா கூப்பிடுவது காதில் விழும், பயத்தில் கண்ணீர் வழியும். அக்கம்பக்கத்தில் ஒருவர், ‘வலிப்புதான், கையில இரும்பைக் குடு’ என்பார். இன்னொருவர் காத்துகருப்பு என்று சொல்லி, ‘பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கோ’ என்பார். வேண்டிக்கொள்ளலாம், தவறில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இதற்கு டிஸ்டோனியா என்று பெயர். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்வதைத் தடுக்கின்றன. மூர்க்கம், பிரமை, தன்னைத்தானே அடித்துக்கொள்வது எல்லாம் தணிவது இதனால்தான். ஆனால் உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியில் டோபமைனும் அசிட்டைல்கோலினும் தராசின் இரு தட்டுகள் மாதிரி. ஒரு தட்டு சட்டென்று மேலே போனால் மற்றது தாழ்ந்து, தசைகள் தாமாக இறுகிக்கொள்கின்றன. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் 5 நாட்களுக்குள் வந்துவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் டோபமைனைத் தடுப்பதுதான் என்பதால், மனநல மாத்திரையே சாப்பிடாத குழந்தைக்கும் இது வருவதுண்டு.

மாற்று மருந்து மிகச் சாதாரணமானது. புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும். ஆனால் அந்த ஊசி சரியான நேரத்தில் விழ வேண்டுமென்றால், இரவுப் பணியில் இருக்கும் டாக்டரிடம் யாராவது ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: ‘இந்த மாத்திரைய மூணு நாளா சாப்பிடுறான் சார்.’ பல வீடுகளில் இந்த வாக்கியம்தான் வெளியே வருவதில்லை. பிள்ளைக்கு மனநல மருந்து கொடுப்பதைச் சொந்தக்காரர்களிடமிருந்து மறைத்து மறைத்து, கடைசியில் டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள். மாத்திரை பெயர் தெரியாத டாக்டர் அதை வலிப்பு என்று எண்ணி அதற்கான வைத்தியத்தைத் தொடங்கினால், அவரைக் குறை சொல்ல முடியாது.

மறைப்பது மட்டுமல்ல, தூரமும் ஒரு தடைதான். ஆரணியை எடுத்துக்கொள்வோம். பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையில் இருக்கும் பேரூராட்சி. ஊர் வழியாகப் போகும் ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வாழும் வட்டாரம் இது. பிள்ளைக்கு ஆட்டிசம், அதீத துறுதுறுப்பு, மன அழுத்தம் என்று சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். திருவள்ளூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, 1794-லிருந்து நடக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று அலைச்சல் தொடங்கும். செங்குன்றம் வழியாக பஸ் மாறி, வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு முழுநாள் போய்விடும். ஒரு நாள் சம்பளமும் போகும். அதனால்தான் மாத்திரையில் சந்தேகம் வந்ததும் பெற்றோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது அடுத்த மாதத் தேதி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்து கொடுக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து.

மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பெரிய அநியாயம். ரிஸ்பெரிடோனை ஆட்டிசம் உள்ள 101 குழந்தைகளிடம் பரிசோதித்து 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். தலையைச் சுவரில் மோதுவது, கடிப்பது, கட்டுக்கடங்காத ஆவேசம் ஆகியவை 8 வாரத்தில் 69 சதவீதக் குழந்தைகளிடம் நன்றாகக் குறைந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம்தான். பிள்ளையின் கையைக் கட்டிவைத்துவிட்டுச் சமைக்கப் போகும் தாய்க்கு இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. 8 வாரத்தில் மருந்து சாப்பிட்ட குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடை கூடினார்கள், மற்றவர்கள் 0.8 கிலோ. பிள்ளை தட்டு நிறையச் சாப்பிடுகிறான், உடம்பு தேறிவிட்டான் என்று வீட்டில் சந்தோஷப்படும் நேரத்தில், உண்மையில் மருந்து பசியைக் கிளறிக்கொண்டிருக்கலாம். மார்பு பருத்தல் போன்றவையும் இந்த மருந்தால் வரக்கூடும். பையன்கள் வெட்கத்தில் சொல்லவே மாட்டார்கள். குளிக்கும்போது கவனித்து, கேலி செய்யாமல் கேட்க வேண்டும்.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது மன அழுத்த மாத்திரைகள். 2004 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவற்றின் மீது கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது. அதற்கு அடிப்படை 24 ஆய்வுகள், 4,400-க்கு மேற்பட்ட சிறுவர்கள், இளம்பருவத்தினர். மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. 2007-ல் எச்சரிக்கை 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. செய்தித்தாளில் ‘இரண்டு மடங்கு ஆபத்து’ என்று மட்டும் படித்தவர்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை கேட்டது கண்காணிப்பைத்தான். முதல் 4 வாரம் வாராவாரம் பிள்ளையை நேரில் பார்க்கச் சொன்னது. ஆரம்ப வாரங்களில் தூக்கம் கெட்டு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்து, எரிந்து விழுந்து, வழக்கத்துக்கு மாறாகப் பேசும் பிள்ளையைப் பற்றி அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ‘செத்துப் போகணும்போல இருக்கா?’ என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

அந்த 2 சதவீதத்தை மறுபடி பாருங்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே துன்பம் வந்திருக்கிறது. நோயும் அதைச் செய்யும், பள்ளிக்கூடமும் செய்யும், வீட்டுச் சண்டையும் செய்யும். மாத்திரைக்குப் பின் வந்ததெல்லாம் மாத்திரையால் வந்தது ஆகாது. அப்படியானால் எது மருந்தின் வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1981-ல் நரான்ஹோ என்ற மருந்தியலாளரும் அவருடைய சகாக்களும் இதற்காக 10 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் மருத்துவமனைகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. மருந்து கொடுத்த பிறகுதான் தொந்தரவு வந்ததா? நிறுத்தியதும் குறைந்ததா? மறுபடி கொடுத்தபோது திரும்ப வந்ததா? அளவு கூட்டியபோது கூடியதா? வேறு காரணம் இருக்க முடியுமா? பதில்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்களின் கூட்டல் 9-ம் அதற்கு மேலும் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம், பூஜ்யமும் அதற்குக் கீழும் என்றால் சந்தேகமே. (மறுபடி கொடுத்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. வீட்டில் செய்யக் கூடாது.)

இந்தக் கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு எந்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பதில் சொல்லாது. பதில் வீட்டில்தான் இருக்கிறது. அதனால் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினால் போதும். மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினான், எப்படிச் சாப்பிட்டான், புதிதாக என்ன கண்டீர்கள். ‘ஒரு மாதிரியா இருந்தான்’ என்று எழுதுவதைவிட ‘ராத்திரி 8 மணி, கழுத்து வலப்பக்கம் இழுத்தது, 20 நிமிஷம்’ என்று எழுதுவது நூறு மடங்கு பயன்படும். செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் இப்படி எழுதத் தொடங்குவது எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் எண்ணம். முன்பிருந்தே இருந்த கண்சிமிட்டலும் தூக்கமின்மையும் பின்னால் மருந்தின் கணக்கில் ஏறாமல் இருக்கும். மருந்தால் வந்ததை ‘அவன் எப்பவும் அப்படித்தான்’ என்று தள்ளிவிடாமலும் இருக்கலாம்.

நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. துறுதுறுப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் குளோனிடினைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறும். வால்புரோயேட், கார்பமசிபின் போன்றவற்றை விட்டால் வலிப்பு வரலாம், குறிப்பாக ஏற்கெனவே வலிப்பு உள்ள பிள்ளைக்கு. ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லாமோட்ரிஜின் அல்லது கார்பமசிபின் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் தோலில் தடிப்பு, கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு என்றால் அது சாதாரண வேர்க்குரு என்று பவுடர் போடக் கூடாது. தோலே உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம். லாமோட்ரிஜினில் இந்த ஆபத்து பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அதிகம். அதனால்தான் டாக்டர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுகிறார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். டோபமைனைத் தடுக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்குக் கடும் காய்ச்சலும், உடம்பு கட்டைபோல் விறைப்பதும், குழப்பமும் சேர்ந்து வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு வாந்தி பேதி என்றாலோ, கத்திரி வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலோ ரத்தத்தில் மருந்து விஷ அளவுக்கு ஏறும். கை நடுக்கம், தள்ளாட்டம் அதன் அடையாளம். வலிக்கென்று கடையில் வாங்கிக் கொடுக்கும் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும்.

இனி, மருந்தின் குற்றமே இல்லாமல் வரும் தொல்லைகள். அப்பா நைட் ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட் என்றால் காலை மாத்திரையை இருவரும் கொடுத்துவிடுவதும், இருவருமே கொடுக்காமல் விடுவதும் நடக்கும். காலண்டர் தாளில் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால் இந்தக் குழப்பம் தீரும். ரிஸ்பெரிடோன் 0.5 மில்லிகிராம் என்பதில் புள்ளியைத் தவறவிட்டால் பத்து மடங்கு. சொட்டு மருந்தைச் சமையல் கரண்டியில் ஊற்றக் கூடாது, ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் கத்திரித்து நான்கு மாத்திரை, ஆறு மாத்திரையாகக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். மருந்தின் பெயர் இருந்த பாதி மற்றவர் கவருக்குப் போயிருக்கும். வீட்டுக்கு வந்தபின் எது எதுவென்றே தெரியாது. ஜன்னலிலேயே நின்று, ‘பேரையும் அளவையும் கவர் மேல எழுதிக் குடுங்க சார்’ என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

சந்தேகத்தை எழுதிவைப்பது அற்பமான காரியம் இல்லை. தாலிடோமைடு என்ற தூக்க மருந்து குழந்தைகளின் கைகால்களைக் கருவிலேயே முடக்குகிறது என்ற சந்தேகத்தை 1961-ல் சிட்னி நகரத்து மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு ஒரு மருத்துவ இதழுக்குச் சில வரிக் கடிதமாகத்தான் எழுதினார். ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற மருத்துவரும் அதே சந்தேகத்தைச் சொன்னார். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 1968-ல் மருந்துத் தீங்குகளைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 1998-ல் சேர்ந்தது, 2010-ல் நமக்கென்று தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் வந்தது. டாக்டர்தான் புகார் எழுத வேண்டும் என்பதில்லை, பெற்றோரே சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகம் போதும்.

குழந்தைகளுக்கு மனநல மருந்து எழுதும் மருத்துவமனைகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆரணியிலிருந்து வரும் தாய் வாராவாரம் வர முடியாது. அவருடைய ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில், சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணையும், எந்தெந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பதையும் தமிழில் ஐந்து வரியில் எழுதிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அதுவரை பெற்றோர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டு. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பதிவு செய்ய 1800-180-3024, வேலை நாட்களில், கட்டணம் இல்லை. கூப்பிடும்போது மாத்திரை அட்டையையும் காலண்டர் தாள்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.